சுவத்துல ஒரு ஏரி

தை அறுவடை முடிஞ்சு, நெல்லைக் காயவெச்சு, கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு, அடுத்த வேலைக்கு ஒரு வாரம் இடைவெளி இருந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா மகள் போன் பண்ணினாள். அசோக் நகர்ல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். "மாமா, ஸ்கூல் சுவத்துல பசங்களோட சேர்ந்து படம் வரையப்போறோம். விவசாயம்தான் தலைப்பு. நீங்க வந்து பசங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்"னாள். ரெண்டு வார்த்தை பேசப்போய் நாலு நாள் தங்கும்படி ஆயிடுச்சு.

மைதானத்தைப் பார்த்த காம்பவுண்டு சுவர். நாப்பதடி நீளம், எட்டடி உயரம். பெயின்ட் மொத்தமும் ஒரு கம்பெனி இலவசமாக் குடுத்திருந்தது. பெயின்ட்டோடு சேர்த்து படத்தையும் அவங்களே பிரின்ட் போட்டுக் குடுத்துட்டாங்க. பச்சைத் தலைப்பா கட்டி சிரிக்கிற மீசைக்கார விவசாயி, ரெண்டு வெள்ளைக் காளை, ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஓரத்துல நாத்து நடுற பொம்பளைங்க. கோடு போட ஓர் ஆர்ட்டிஸ்ட் வருவார், பிள்ளைங்க அதுக்குள்ள கலர் அடிச்சாப் போதுமாம்.

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க அறுபது பேர். படத்தைப் பார்த்துட்டு ஒரு பொண்ணு என்னைக் கேட்டாள்: "தாத்தா, உங்ககிட்ட இந்த மாதிரி மாடு இருக்கா?"

தாத்தான்னதைப் பொறுத்துக்கிட்டேன். "கறவை மாடு ரெண்டு இருக்கும்மா. உழவுக்கு டிராக்டர்தான். வாடகை வண்டி, மணிக்கணக்கு."

"அப்ப யாரு மாடு ஓட்டுறாங்க?"

எங்க ஊர்ல யாரும் இல்ல. கடைசி ஜோடி உழவு மாட்டை வித்து வருஷம் ஆச்சு. எங்க பக்கத்து மலையும் ரொம்ப தூரம். நான் மதுராந்தகத்துப் பக்கம். எங்களுக்கு சூரியன் மின்கம்பத்துக்குப் பின்னாலதான் உதிக்கும்.

அப்பதான் பின்வரிசையில இருந்து ஒரு பையன் எழுந்து நின்னான். அப்பாவுக்குக் கட்டட வேலை, மேற்கு வங்காளத்துல ஏதோ கிராமத்துல இருந்து வந்து மூணு வருஷம் ஆகுதுன்னு டீச்சர் அப்புறம் சொன்னாள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வருது. படத்துல நாத்து நடுறவங்களைக் காட்டி, "சார், இது தப்பு. இப்படி நடந்தா மிதிச்சிடும்"னான். குனிஞ்சு செஞ்சும் காட்டினான். இடது கையில நாத்து முடி, வலது கையால பிரிச்சு ஊனறான், ஊனி ஊனிப் பின்னாலயே போறான். பிள்ளைங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கல. அவன் விரல் போற விதத்துலயே தெரிஞ்சிடுச்சு, சேத்துல நின்ன கை அது.

பிரின்ட்டைத் திரும்பப் பார்த்தேன். சரியாத்தான் சொல்றான். நடவுல நட்ட நாத்து நமக்கு முன்னால இருக்கும், வெத்துச் சேறு பின்னால இருக்கும். படத்துல எல்லாப் பொம்பளைங்களும் முன்னால பார்த்து நடந்துக்கிட்டே நடுறாங்க, நட்டதெல்லாம் முதுகுக்குப் பின்னால. வரைஞ்சவர் வயல்ல இறங்கினதே இல்ல.

நகரத்துல இருக்கிற நீங்க இதை நம்புவீங்களான்னு தெரியல: இப்ப தஞ்சாவூர்ப் பக்கம் பல ஊர்ல நடவுக்கு வர்றதே வங்காளம், பீகார் ஆளுங்கதான். நம்ம சோத்துக்கு நாத்து நடுற கை எந்த ஊர்க் கைன்னு சுவத்துல வரையணும்னா, அந்த வகுப்புல அதைச் சொல்லத் தகுதி இருந்தது அவன் ஒருத்தனுக்குத்தான்.

பிரின்ட்டை மடிச்சு வெச்சிட்டு, "சரி, உங்களுக்குத் தெரிஞ்சதையே வரைவோம்"னாள் அக்கா மகள். அவங்களுக்கு என்ன தெரியும்? மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோடு தெரியும். ரெண்டு மூணு பேர் அந்த வழியாத்தான் வர்றாங்க. "அங்க லேக் எங்கடா இருக்கு?"ன்னு கேட்டேன். யாருக்கும் தெரியல. நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியான்னு ஒண்ணு இருக்கே, அங்க? அதுவும் தெரியல.

சொன்னேன். நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீளமா ஓர் ஏரி கிடந்தது. வெள்ளைக்காரன் அதுக்கு வெச்ச பேரே 'நீள ஏரி'தான். 1920கள்ல மாம்பலம் பக்கத்துத் தண்ணியை வடிச்சு மனை போட்டாங்க. அதுதான் தியாகராய நகர். தீபாவளிக்கு நாம துணி எடுக்கிற இடம் ஏரிக்குள்ள இருக்கு. 1976ல திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்துலதான் நிக்குது. அசோக் நகரே 1960கள்ல வந்த குடியிருப்புதான்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. கூட்டிக்கிட்டிருந்த ஆயாம்மா விளக்குமாத்தை நிறுத்திட்டு வந்தாங்க. "2015 டிசம்பர்ல எங்க தெருவுல தண்ணி இது வரைக்கும் நின்னுச்சு கண்ணு"ன்னு இடுப்புக்கிட்ட கையை வெச்சாங்க. ஒரு பையன் சாக்பீஸ் எடுத்துக்கிட்டு ஓடினான். ஆயாம்மாவைச் சுவரோரமா நிக்க வெச்சு, அந்தக் கை இருந்த உயரத்துல நாப்பதடிக்கும் ஒரே கோடா இழுத்துட்டான். தரையில இருந்து மூணடி.

படம் அந்தக் கோட்டுலதான் தீர்மானமாச்சு. கோட்டுக்குக் கீழ ஏரி. மேல இன்னைக்கு இருக்கிற ஊர்: அசோக் பில்லர், மெட்ரோ, ஜவுளிக்கடை, எல்லாம் தண்ணி மேல நிக்குது. வலது பக்கம் கடைசி பத்தடி கரை, மதகு, வயல். வயல் அந்த வங்காளத்துப் பையன் பொறுப்பு.

கம்பெனிக்காரங்க வந்து பார்த்தாங்க. "விவசாயியைக் காணோமே"ன்னாங்க. அக்கா மகள் பொறுமையாப் பேசினாள். கடைசியில அவங்க பேரை மூலையில ஓரடிக்கு ஓரடி போட்டுக்கலாம்னு முடிஞ்சது. மூணடி கேட்டாங்க. எங்க ஊர்ச் சந்தையில கத்திரிக்காய்க்குக்கூட இவ்வளவு பேரம் நடக்காது.

சின்னப் படத்தைப் பெரிய சுவத்துக்குக் கொண்டுபோறதுல என் பங்கு கொஞ்சம் இருந்தது. திருந்திய நெல் சாகுபடியில இருபத்தஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, சதுரமா நடணும். அப்பதான் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்ட முடியும். அதுக்குக் கயித்துல முடிச்சுப் போட்டு வெச்சிருப்போம். அதே கணக்குதான். நூல்ல காவிப்பொடி தடவி, ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு, நடுவுல சுண்டிவிட்டா நேர்கோடு. ஓரடிக்கு ஓரடி கட்டம், மொத்தம் முன்னூத்து இருபது. சார்ட்ல ஓர் அங்குலக் கட்டத்துல இருக்கிறது சுவத்துல ஓரடிக் கட்டத்துக்குப் போகும். "புள்ளிக் கோலம் மாதிரி"ன்னு ஒரு பொண்ணு சொன்னதும் எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு, அதுக்கப்புறம் எனக்கு வேலை இல்ல. ஆளுக்கு அஞ்சு கட்டம், மிச்சம் இருபது டீச்சருங்களுக்கு.

ஏரியை எப்படி வரையறதுன்னு சண்டை வந்தது. மேல இருந்து பார்த்தா மீன் தெரியாது, பக்கவாட்டுல பார்த்தா தாமரை தெரியாது. புதுக்கோட்டைக்குப் போனப்ப சித்தன்னவாசல்ல நான் எடுத்த போட்டோ செல்லுல இருந்தது, காட்டினேன். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம்னு சொல்றாங்க. குகையோட மேல்தளத்துல ஒரு தாமரைக்குளம். மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆளு, எதையும் ஒண்ணு இன்னொண்ணை மறைக்காம வரைஞ்சிருக்கான். "அவங்களே அப்படித்தான் வரைஞ்சிருக்காங்க"ன்னு சண்டை தீர்ந்தது. எருமை மட்டும் ஏழு வந்துடுச்சு. யாரும் விட்டுக்குடுக்கல.

கண்ணகி நகர்ல 2020ல பெரிய பெரிய அடுக்குமாடிச் சுவர்லாம் ஓவியம் போட்டாங்களே, போய்ப் பார்த்திருக்கேன். அசந்துதான் போனேன், அந்தக் கைத்திறன் வேற. இந்தச் சுவத்துல அப்படி எதுவும் இல்ல. மெட்ரோ ரயில் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கு. பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல ரெண்டு நீலம் ஒட்டல. ஆனா எந்தக் கட்டத்தைத் தொட்டுக் கேட்டாலும், ஏன் அது அங்க இருக்குன்னு சொல்ல ஒரு பிள்ளை இருக்கு. வயல்ல நாலு பேர் பின்னால நகர்ந்து நடுறாங்க, நட்ட நாத்து அவங்களுக்கு முன்னால இருக்கு. அதுல ஒருத்தர் தன்னோட அம்மான்னு அந்தப் பையன் சொன்னான்.

ஒரு கவலை உண்டு. கீழ மூணடி முழுக்க ஓதம். சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் ரெண்டு கை அடிச்சும் ஒரு இடத்துல உப்பு பூத்து நிக்குது. அடுத்த மழைக்காலம் முடியறப்போ ஏரிதான் முதல்ல உரியும், மேல இருக்கிற கடைங்க அப்படியே இருக்கும். இதைச் சொன்னதும் பிள்ளைங்க மிச்ச நீலத்தை ஒரு மூடி போட்ட வாளியில ஊத்தி விளையாட்டுச் சாமான் அறையில வெச்சிட்டாங்க. மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதியிருக்கு: நீலம் மூணு மக்கு, வெள்ளை ஒண்ணு, பச்சை ஒரு கரண்டி, தண்ணி ஊத்தாதீங்க.