பக்கத்துக்கு ஐந்து சூ

மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதையைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பேராசை பெருநஷ்டம். விரலுக்கேத்த வீக்கம். இருக்கறத வெச்சு சந்தோஷமா இரு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையிலும் அதை எழுதினால்தான் மார்க். கதையில் அந்த நீதி இல்லவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதைத் தாண்டி உள்ளே போனால் வேறு ஒரு கணக்கு இருக்கிறது.

கதையின் முடிவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்தி, படித்துவிட்டு வாருங்கள். கால்மணி நேரம்கூட ஆகாது.

1884 பிப்ரவரி 17 அன்று பாரிஸின் ‘ல கோலுவா’ பத்திரிகையில் வந்த கதை இது. பிரெஞ்சில் தலைப்பு ‘லா பாருர்’. மத்தில்ட் அழகி, ஆனால் வரதட்சணை கொடுக்க வழியில்லாத குடும்பம். கல்வி அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் லுவாசெலுக்குக் கட்டி வைக்கிறார்கள். ஒருநாள் அமைச்சர் வீட்டு விருந்துக்கு அழைப்பு வருகிறது. உடுப்பு இல்லை என்று அழுகிறாள், கணவன் நானூறு பிராங்க் கொடுக்கிறான். நகை இல்லை என்று வருந்துகிறாள், கான்வென்ட் தோழி ஃபொரெஸ்தியேவிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்குகிறாள். விருந்தில் அவள்தான் ராணி. வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்தில் நெக்லஸ் இல்லை. கடன் வாங்கி அதே மாதிரி ஒன்றை 36,000 பிராங்குக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். கடனை அடைக்கப் பத்து வருஷம். எல்லாம் முடிந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியைத் தெருவில் பார்க்கிறாள். அப்போதுதான் தெரிகிறது, தொலைந்தது போலி. மிஞ்சிப்போனால் 500 பிராங்க்.

இந்தச் சுருக்கத்தைப் படித்தால் குற்றவாளி மத்தில்ட்தான். மாப்பசானும் முதல் இரண்டு பக்கத்தில் அவளைக் கொஞ்சம் கேலியாகவே காட்டுகிறார். கீழை நாட்டுத் திரைச்சீலைகள், உயரமான வெண்கல விளக்குகள், குளிருக்கு இதமாக மூட்டிய கணப்பின் வெப்பத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போகும் இரண்டு சேவகர்கள் என்று அவள் கனவு நீள்கிறது. எதிரே கணவன் சூப் பாத்திரத்தைத் திறந்து, ஆகா, இதைவிட வேறென்ன வேண்டும் என்கிறான். கணவனுக்கு இறைச்சிக் குழம்பு, மனைவிக்கு வெள்ளித் தட்டில் மீன். ஒரே மேசைதான்.

இதை எழுதியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மாப்பசான் 1872இலிருந்து கடற்படை அமைச்சகத்தில் குமாஸ்தா. பிறகு ஃப்ளோபெரின் சிபாரிசில் கல்வி அமைச்சகத்துக்கு, அதாவது லுவாசெலின் ஆபீசுக்கே, மாறினார். 1880இல் ‘பூல் த ஸ்யூஃப்’ வந்து பெயர் கிடைத்ததும் அந்த வாழ்க்கையிலிருந்து தப்பித்தார். கதைகள் விற்றுப் பணம் வந்ததும் பாய்மரப் படகு வாங்கி, தன் நாவலின் பெயரையே ‘பெல் அமி’ என்று அதற்கு வைத்தார். அதனால் பகட்டைப் பற்றி அவர் எழுதுவதை ஒரு துறவியின் உபதேசமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஆசை எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள்.

என்னை உறுத்துவது லுவாசெல். நல்லவன், அப்பாவி, மனைவியின் பேராசைக்குப் பலியானவன் என்றே எல்லோரும் படிக்கிறார்கள். கதையில் அவனைப் பற்றி இரண்டு தகவல் இருக்கிறது. ஒன்று, மனைவி நானூறு பிராங்க் கேட்டதும் அவன் முகம் வெளுத்துப்போகிறது. காரணம், அந்தத் தொகையை அவன் ஒரு துப்பாக்கி வாங்கச் சேர்த்து வைத்திருந்தான். வருகிற கோடையில் நண்பர்களோடு நாந்தேர் சமவெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வானம்பாடி சுடப் போக வேண்டும். இரண்டாவது, நெக்லஸ் தொலைந்த பிறகுதான் நமக்குச் சொல்லப்படுகிறது: அவனிடம் அப்பா விட்டுப்போன 18,000 பிராங்க் இருக்கிறது.

எத்தனையோ தடவை படித்தும் இந்த இரண்டையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வைத்துப் பார்த்தால் அந்த வீடு முழுசாகத் தெரிகிறது. பதினெட்டாயிரம் இருக்கிற மனிதன் நானூறுக்கு முகம் வெளுக்கிறான். கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். நடுத்தர வீடுகளில் இப்படி ஒரு பணம் இருக்கும், எஃப்டி என்றோ நிலம் என்றோ. இருக்கு, ஆனா இல்ல. எதற்கும் அதைத் தொடக் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவு, சாவு மாதிரி ஏதாவது வந்தால்தான் அது வெளியே வரும். அந்தப் பணத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எல்லோரும் ஏழையாக வாழ்வார்கள். மத்தில்டின் அதிருப்தியில் பாதிக்குக் காரணம் இந்த ஏற்பாடுதான் என்பது என் அபிப்பிராயம். அவளுக்கு உடுப்பு இல்லாதது ஆடம்பரக் குறை, அவனுக்குத் துப்பாக்கி இல்லாதது நியாயமான ஆசை என்று நம்மைப் படிக்கவைத்தது யார்? கதை அப்படிச் சொல்லவில்லை. ஆசை என்று பார்த்தால் ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டுக்கும் ஒரே நானூறு பிராங்க்.

நெக்லஸ் தொலைந்ததும் அவன் ஓடாத இடமில்லை. போலீஸ், பத்திரிகை விளம்பரம், வாடகை வண்டிக் கம்பெனிகள். எதுவும் கிடைக்காமல் திரும்பி வந்து மனைவியிடம் ஒரு யோசனை சொல்கிறான்: நெக்லஸின் கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறோம் என்று தோழிக்கு எழுது. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கதை முறிகிற இடம் எனக்கு இதுதான். பொய் அவனுடையது, கையெழுத்து அவளுடையது. ‘தொலைச்சிட்டேன், மன்னிச்சிடு’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

நகைக்கடைக்காரர்கூட ஒரு குறிப்பு கொடுக்கிறார். பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்து அந்தக் கடைக்குப் போய்க் கேட்கிறார்கள். அவர் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, இந்த நெக்லஸை நான் விற்கவில்லை, பெட்டி மட்டும்தான் என்னுடையதாக இருக்கும் என்கிறார். என் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். ப்ராடக்‌ஷனில் ஏதாவது விழுந்துவிட்டால் லாகில் காரணம் தெளிவாக எழுதியிருக்கும். பதற்றத்தில் ஐந்து பேர் அந்த வரியைப் படிப்பார்கள், ஒருவருக்கும் அது காதில் விழாது. நல்ல பெட்டிக்குள் வேறு எங்கோ வாங்கிய சரக்கு இருக்கிறது. ஏன் என்று கேட்க வேண்டாமா? அவர்கள் கேட்கவில்லை. பலே ரொயாலில் அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். விலை நாற்பதாயிரம், பேரம் பேசி முப்பத்தாறு. கையில் பதினெட்டு, மீதிக்குக் கடன். ஒருவரிடம் ஆயிரம், இன்னொருவரிடம் ஐநூறு, மிச்சம் வட்டிக்காரர்களிடம்.

பிறகு அந்தப் பத்து வருஷம். வேலைக்காரப் பெண்ணை நிறுத்திவிட்டு, வீட்டை மாற்றி, கூரைக்கு அடியில் ஒரு அறைக்குப் போகிறார்கள். மத்தில்ட் பாத்திரம் தேய்க்கிறாள், துணி துவைத்துக் கொடியில் போடுகிறாள், தண்ணீர் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறாள், கடையில் ஒவ்வொரு சூவுக்கும் சண்டை போடுகிறாள். லுவாசெல் சாயங்காலத்தில் ஒரு வியாபாரிக்குக் கணக்கு எழுதுகிறான். ராத்திரிகளில் பலமுறை பக்கத்துக்கு ஐந்து சூ என்று பிரதி எடுக்கிறான்.

இந்த ஐந்து சூவை நான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது சூ ஒரு பிராங்க். அப்படியானால் நாலு பக்கம் எழுதினால் ஒரு பிராங்க். கடன் வாங்கியது 18,000 பிராங்க், வட்டியை விட்டுவிடுவோம். பிரதி எடுத்தே அதை அடைப்பதென்றால் 72,000 பக்கம். பத்து வருஷத்துக்கு 3,650 ராத்திரி. ராத்திரிக்குக் கிட்டத்தட்ட இருபது பக்கம், ஒருநாள்கூட லீவு இல்லாமல். அவன் சம்பளத்திலிருந்தும் கொஞ்சம் அடைத்திருப்பான், கணக்கெழுதிய கூலியும் உண்டு. ஆனால் வட்டிக்காரர்களின் வட்டியும் இருக்கிறதே. இப்போது தொலைந்த போலி நெக்லஸுக்கு இதே கணக்கைப் போடுங்கள். 500 பிராங்க், 2,000 பக்கம். ராத்திரிக்கு இருபது பக்கம் என்றால் நூறு ராத்திரி. மூணு மாசத்துக்குக் கொஞ்சம் மேல.

மூன்று மாதத்தைப் பத்து வருஷமாக்கியது ஆசை இல்லை. வாய் திறக்காததுதான்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பாவும் கிளார்க். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக ஆறு வருஷம், ஆபீஸ் முடிந்து வந்து காபி குடித்துவிட்டு ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கணக்கெழுதினார். நாள்வழி, பேரேடு எல்லாம் கையால். பத்து மணிக்கு மேல்தான் வீடு. அந்தக் கல்யாணத்தில் செய்ததில் பாதி ஊர் பார்க்கச் செய்ததுதான். அதை யாரும் பகட்டு என்று சொல்லவில்லை. மரியாதை என்றார்கள். கடன் இருப்பதை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டதையும் மரியாதை என்றே சொன்னார்கள். அப்பாவிடம் யாராவது பேராசை பெருநஷ்டம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு அது புரிந்தே இருக்காது. அவர் எதற்கு ஆசைப்பட்டார்?

அம்மாவுக்கு ஒருதடவை இந்தக் கதையைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். புது நெக்லஸைத் திருப்பிக் கொடுக்கிற இடம் வந்தது. தாமதமாகக் கொண்டு வந்ததற்குத் தோழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள், ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை என்றேன். அம்மா கையை நிறுத்தினாள்.

“ஏன்டா, தொறந்தே பாக்கலையா?”

“பாக்கல.”

“அப்ப அது கவரிங்டா. நெசமா இருந்தா எவளாவது தொறந்து பாக்காம வாங்கி உள்ள வெப்பாளா? இங்க அரைப் பவுன் தோட்டுக்கே திருகாணி இருக்கான்னு பாத்துதான் வாங்குவாங்க.”

உலகமே அதிர்ந்த முடிவு என்று சொல்லிவைத்த இடத்தை அம்மா ஒரு பக்கம் முன்னாலேயே உடைத்துவிட்டாள். இரவல் நகை வாங்கியும் கொடுத்தும் பழகியவளுக்கு அதில் ரகசியமே இல்லை. மத்தில்டுக்கு அது தெரியாமல் போனது அவள் பகட்டால் இல்லை, பழக்கமில்லாததால். பணக்காரர்கள் போலி வைத்துக்கொள்வார்கள் என்பது பணக்காரர்களுக்குத்தான் தெரியும். அந்தப் போலிகூட ஒன்றும் மலிவில்லை. அவள் தைத்துக்கொண்ட உடுப்பைவிட நூறு பிராங்க் அதிகம்.

மாப்பசான் இதையே ஒரு வருஷம் முன்னால், 1883இல், தலைகீழாக எழுதியிருக்கிறார். ‘லே பிஜூ’ என்ற கதை, அதாவது நகைகள். லாந்தேன் உள்துறை அமைச்சகக் குமாஸ்தா, வருஷச் சம்பளம் 3,500 பிராங்க். மனைவி தங்கமானவள், இரண்டே குறை. நாடகம் பார்க்கும் பைத்தியம், போலி நகைப் பைத்தியம். அவள் நிமோனியாவில் இறந்துபோகிறாள். பணக் கஷ்டத்தில் அவளுடைய போலி நெக்லஸ் ஒன்றை விற்கப்போகிறான். ஆறோ எட்டோ பிராங்க் கிடைக்கும் என்பது நினைப்பு. கடைக்காரர் பல்லாயிரத்தில் விலை சொல்கிறார். எல்லாமே நிஜம். யாரோ கொடுத்தவை. அழுகிறான், மயங்குகிறான், பிறகு எல்லாவற்றையும் 196,000 பிராங்குக்கு விற்று, வேலையை விட்டு, முந்நூறாயிரம் சொத்து வந்தது என்று புளுகி, சாயங்காலமே அதை நானூறாயிரமாக்குகிறான். மனைவியின் துரோகத்தை விற்றவன் சுகமாக இருக்கிறான். இரவல் நகையை நாணயமாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் அழிகிறார்கள். கொஞ்ச நாளில் லாந்தேன் மறுமணம் செய்துகொள்கிறான். ரொம்ப ஒழுக்கமானவள், சிடுசிடுப்பானவள், அவனை வதைத்து எடுக்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் மாப்பசானிடம் நீதி கேட்டுப் போவது எவ்வளவு வீண் என்று தெரியும்.

மத்தில்டும் கடைசிவரை திருந்தவில்லை. இது எனக்குப் பிடித்த விஷயம். பத்து வருஷத்தில் குரல் தடித்து, கை சிவந்து, தலை கலைந்து போனவள், கணவன் ஆபீஸ் போன சில மதியங்களில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்த விருந்து ராத்திரியை நினைத்துக்கொள்கிறாள். வருத்தமாக இல்லை, ஆசையாக. வாழ்க்கையில் ஒரே ஒருநாள் எல்லோரும் அவள் பெயரைக் கேட்டார்கள். அதை ஏன் அவள் பாவமாக நினைக்க வேண்டும்?

ஷான்ஸெலிசேயில் தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லும்போது அவளுக்கு ஒரு கர்வம் வருகிறது. நீ கண்டுபிடிக்கவே இல்லை பார்த்தாயா, இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தன என்று குழந்தை மாதிரிச் சிரிக்கிறாள். பத்து வருஷம் உழைத்து அவள் வாங்கியது இந்த ஒரு சிரிப்பை. அடுத்த நாலு வரியில் ஃபொரெஸ்தியே அதையும் எடுத்துக்கொள்கிறாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமான இரக்கத்தோடு. கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

நெக்லஸ் இப்போது யாருடையது என்று நண்பர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். முப்பத்தாறாயிரம் பிராங்க் சொத்து அந்தப் பெட்டியில் பத்து வருஷமாகக் கிடக்கிறது. ஃபொரெஸ்தியே நல்ல மாதிரிதான், திருப்பிக் கொடுத்திருப்பாள் என்பது என் கட்சி. கொடுத்தால் மறுபடி கொஞ்சம் வசதி, வேலைக்காரப் பெண், நல்ல வீடு. அந்த நகங்கள் திரும்ப வராது.

ஆனால் அதற்கு முன்னால் அன்றைய சாயங்காலம் இருக்கிறது. மத்தில்ட் ஷான்ஸெலிசேக்குத் தனியாகத்தான் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, லுவாசெலுக்கு ஆபீஸ் இல்லை. அவன் எங்கே இருந்தான் என்று மாப்பசான் சொல்லவில்லை. கடன் முடிந்ததால் முதல்முறையாக மதியம் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவள் மாடி ஏறிப் போய் அவனை எழுப்பி இதைச் சொல்ல வேண்டும்.