அட்டவணை சொல்லாத தூரம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கிராமங்களில் எங்களில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. அவ்வாறே இணைக்கக் கோரப்பட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பிழைப்பிற்காகச் சென்னைக்கு வந்துவிட்ட எங்களுக்கு, ஊர் என்பது ஓர் இரவு முழுவதும் நீளும் இரயில் பயணத்தின் முடிவில் இருக்கிறது.

ஆனால் இரயிலுக்குக் காத்திருக்க முடியாத செய்தியும் வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், எங்கள் தாயார் நித்திரையடைந்தார்கள் என்று அண்ணன் தொலைபேசியில் அறிவித்தார். அடக்க ஆராதனை அன்று மாலை நான்கு மணிக்கு. திருவனந்தபுரம் விமானத்தில் இடமில்லை. தூத்துக்குடி விமானத்தில் ஓர் இடம் இருந்தது. திருவனந்தபுரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஏறத்தாழ 125 கிலோமீட்டர், பறக்கும் நேரம் முக்கால் மணிக்குள் என்று ஒரு தூர அட்டவணை காட்டியது. எங்கள் ஊர் அதைவிடச் சற்றுக் கிட்டத்தில்தான் இருக்கும்; ஒரு மணிக்கு இறங்கினால் மூன்று மணிக்குள் வீட்டில் இருக்கலாம் என்று கணக்கிட்டுப் புறப்பட்டேன்.

அட்டவணை பொய் சொல்லவில்லை. அது ஆகாயத்தில் இழுத்த நேர்கோட்டின் அளவு. அந்தக் கோடு, 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர் மலைக்குச் சற்றுத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கிறது. அவ்வழியே நேரடிப் பயணிகள் விமானமும் இல்லை; நேரான சாலையும் இல்லை. இவ்விரு நிலையங்களுக்கிடையே பறந்துதான் ஆகவேண்டுமென்றால், சென்னைக்குச் சுமார் 610 கிலோமீட்டர் போய், அங்கிருந்து சுமார் 530 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். சாலையோ, வாகைக்குளத்திலிருந்து திருநெல்வேலி, நாங்குநேரி, ஆரல்வாய்மொழிக் கணவாய், நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று மலையைச் சுற்றிவந்து, பாறசாலையை அடைய ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஆகிறது.

நாகர்கோவில் வரை வண்டி ஓடியது. அதன்பின் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஊர்ந்தது. ஐந்தரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது மண் மூடப்பட்டிருந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

2025 ஜூலையில் தூத்துக்குடியில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டுள்ளது. பெரிய விமானங்கள் வரட்டும், நல்லதே. ஆயினும் எங்கள் கிராமங்களுக்கு அந்த 150 கிலோமீட்டர் குறையவில்லை. 1932-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் நிலையமே எங்களுக்கு வாசல். அங்கிருந்து ஈஞ்சக்கல், கோவளம் பக்கமாகக் காரோடு வரை செல்லும் புறவழிச்சாலையைப் பிடித்தால், பாலராமபுரம் நெரிசலைத் தொடாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாறசாலை சேரலாம்.

அவசரத்தில் பயணச்சீட்டு எடுப்பவர்கள், விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்பதோடு நின்றுவிட வேண்டாம். இறங்கியபின் எவ்வளவு சாலை, வழியில் எத்தனை சந்தை என்பதையும் ஊரில் இருப்பவரிடம் கேளுங்கள். சென்றடையும் நேரத்தைக் கூட்டியே சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் பொறுக்கும்படி நான் கேட்டிருந்தால் அண்ணன் மறுத்திருக்கமாட்டார். தூரம் தெரியும் என்று நினைத்ததால் நான் கேட்கவில்லை.