உள்ளம் அறியும் குதிரை

நளமகாராசனின் கதையைப் படித்தோர், அவன் அசுவ சாத்திரத்தில் வல்லவன் என்பதை அறிவர். கலியின் கொடுமையால் நாடிழந்து, உருமாறி, இருதுபன்னனிடம் தேர்ப்பாகனாய் அமர்ந்த காலத்தில் அவனுக்குக் கைகொடுத்தது அந்த வித்தையே. குதிரையின் உள்ளத்தை மனிதன் அறிந்த கதை அது. மனிதனின் உள்ளத்தைக் குதிரை உணர்வதையும், அதனால் மனம் நொந்தோர் ஆறுதல் பெறுவதையும் பற்றிச் சில வார்த்தைகள் இங்கே கூற விரும்புகிறேன்.

நோயுற்றோருக்குக் குதிரை துணையாகும் என்பதை உலகின் கண்முன் நிறுத்தியவர் டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டெல் என்னும் பெண்மணி. 1944ஆம் ஆண்டில், கருவுற்றிருந்த வேளையில், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. விடாமுயற்சியால் ஓரளவு தேறினாராயினும் முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றே இருந்தன. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் கைகொடுக்க வேண்டும். அத்தகையவர் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில், ஆடவருக்குச் சமமாய் நின்று, குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956ஆம் ஆண்டிலும் அவ்வாறே வென்றார். அவருடைய வெற்றி பலருக்கு ஊக்கமளித்தது. 1969ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும், உடல் இயலாமை உடையோருக்குக் குதிரையேற்றம் பயிற்றும் சங்கங்கள் நிறுவப்பட்டன. உடலின் பொருட்டுத் தொடங்கிய இம்முயற்சி நாளடைவில் உள்ளத்தின் பக்கமும் திரும்பியது.

உள்ளத்துக்கான இச்சிகிச்சையிற் பெரும்பாலும் சவாரி இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். குதிரையின் அருகே நிற்றல், அதன் உடலைத் தேய்த்துத் துப்புரவு செய்தல், கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்லுதல் ஆகியவையே முக்கிய பயிற்சிகள். உளவளத்துணையாளர் ஒருவரும் குதிரையைப் பழக்குபவர் ஒருவரும் உடனிருப்பர்.

இதற்குக் குதிரையைத் தெரிந்தெடுத்த காரணம் யாது? புலியும் ஓநாயும் இரையாகக் கொள்ளும் விலங்கு அது. கூட்டமாய் வாழ்ந்து, ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து ஓடியே உயிர் பிழைத்து வந்தது. தலையின் இருமருங்கிலும் அமைந்த கண்களால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் காணும். அருகில் நிற்பவரின் உடல் இறுக்கத்தையும் கையசைவையும் நுணுகி அறிவது அதற்கு உயிர்காக்கும் தொழில். மனிதரின் முகபாவத்தைக் குதிரை வேறுபடுத்தி அறியுமா என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 28 குதிரைகளுக்குச் சினந்த முகத்தின் படமும் மகிழ்ந்த முகத்தின் படமும் காட்டப்பட்டன. சினந்த முகத்தைக் கண்டபோது அவற்றின் இதயத் துடிப்பு விரைவில் உயர்ந்தது. உள்ளே கொதிப்பை வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பவர் மனிதரை ஏமாற்றலாம். குதிரையை ஏமாற்றுவது எளிதன்று.

இவற்றையெல்லாம் ஏட்டில் மட்டும் படித்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். என் தங்கை கனடாவில் வாழ்கிறாள். அவளுடைய கணவர் வீதி விபத்தொன்றிற் காலமானபின், பதினைந்து வயதான அவள் மகள் பேச்சை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். பாடசாலைக்குச் செல்வாள், வந்தபின் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். உறவினர் வந்தபோதெல்லாம், “என்ன யோசனை? சாப்பிட்டாயா? தாயை நினைத்துப் பார்த்தாயா?” என்று அன்பினாலேயே அவளை வினாக்களால் வளைத்தனர். வைத்தியரின் ஆலோசனைப்படி, மற்றைச் சிகிச்சைகளோடு, நகருக்கு வெளியே உள்ள குதிரை லாயம் ஒன்றுக்கும் வாரந்தோறும் அனுப்பினர். 2018ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் நான் அங்கு சென்றிருந்தபோது ஒருநாள் அவளுடன் போனேன்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கபில நிறப் பெண்குதிரை ஒன்றை நடத்திச் செல்வது அன்றைய பயிற்சி. பிள்ளை கயிற்றை இழுத்தாள், குதிரை அசையவில்லை. மீண்டும் இழுத்தாள், அது காதுகளைப் பின்னே மடித்துக்கொண்டு நின்றது. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கைப் பலத்தால் நகர்த்த முடியுமா? பழக்கும் பெண்மணி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மூச்சை அடக்கி வைத்திருக்கிறாய், அதை விட்டுவிடு என்று மட்டும் கூறினார். பிள்ளை தோள்களைத் தளரவிட்டு நீண்ட பெருமூச்செறிந்தாள். சிறிது நேரம் சும்மா நின்றாள். பின்பு கயிற்றைத் தளர்வாய்ப் பிடித்து ஓரடி வைத்தாள். குதிரையும் தலையைத் தாழ்த்தி, அவள் தோளருகே நடந்து வந்தது.

திரும்பும் வழியில், நான் ஒன்றும் கேட்காமலே அவள் வாய் திறந்தாள். “மாமா, அது என்னட்டை ஒண்டுமே கேக்கேல்லை” என்றாள். அதன்பின் தகப்பனாரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். வீடு வரும்வரை பேசினாள்.

இதனைக் கொண்டு, குதிரை சகல மனநோய்களுக்கும் மருந்தென்று நான் கூறவரவில்லை. போரினால் மனவடு உற்ற 63 முன்னாட் படைவீரர்களுக்கு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் எட்டு வாரம் இப்பயிற்சி அளித்தனர். 2021ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோரிடம் நல்ல தேற்றம் காணப்பட்டது. ஆயினும் இச்சிகிச்சை பெறாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டு அது நடத்தப்படவில்லை. இத்துறையின் ஆய்வுகள் பலவும் சிறியன. ஆகவே வைத்தியரும் மருந்தும் செய்யவேண்டியதைக் குதிரையிடம் ஒப்படைத்தல் தகாது, செலவும் சாமானியமன்று.

நெடுந்தீவிற் குதிரைகள் உண்டே என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே கட்டற்றுத் திரிவது உண்மையே. ஆனால் கட்டற்றுத் திரியும் குதிரை வேறு, ஆண்டுக்கணக்காய்ப் பொறுமையுடன் பழக்கிய குதிரை வேறு. அவை அவ்வாறே சுதந்திரமாய்த் திரியட்டும்.

குதிரை இல்லாத ஊரிலும் குதிரையிடம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. போரும் கடற்கோளும் இழப்பும் கண்ட நம் சமூகத்தில், மௌனமாகிவிட்ட பிள்ளை இல்லாத வகுப்பறையை நான் கண்டதில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வைத்தியரிடமும் காட்டாமல் மறைக்கும் குடும்பங்களையும் கண்டிருக்கிறேன். அத்தகைய பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துச் செல்வது நம் முதற்கடமை. வீட்டில் நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. புத்திமதியும் விசாரணையும் சற்றே பொறுத்திருக்கட்டும். மாலையில் அரைமணி நேரம் அந்தப் பிள்ளையோடு கிணற்றடியிலோ திண்ணையிலோ இருங்கள். அது செய்யும் வேலையில் ஒரு கை கொடுங்கள். பேச விரும்பும் நாளில் அது தானாகவே பேசும். அப்போது நாம் அருகில் இருக்க வேண்டும்.