வேரைத் தேடிய கணிப்பொறி

லினக்ஸ் கணிப்பொறியில் எல்லாக் கோப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஒற்றைச் சாய்கோடே அந்த வேரின் பெயர். கணிப்பொறி விழித்ததும் கெர்னல் முதலில் தேடுவது அதைத்தான். கிடைக்காவிட்டால் யாது செய்யும்? 'கெர்னல் பேனிக்' என்று எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

2024 நவம்பரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இது நிகழ்ந்தது. முதலாண்டு பயிலும் மதுரைத் தம்பி ஒருவர் விடுதிக்கு ஓடி வந்தார்.

"அண்ணே, டிஸ்க் போச்சு! மூணு மாசத்து எக்ஸ்ரே அளவெல்லாம் அதுலதான் இருக்கு."

உடன் வந்த வடநாட்டு நண்பர், "ஃபார்மட் கர் தோ, பாய்" என்று ஆறுதல் கூறினார். தலைவலிக்குத் தலையையே வாங்கும் இம் மருத்துவத்துக்கு நம் வளாகத்தில் செல்வாக்கு மிகுதி.

போய்ப் பார்த்தேன். ரூட்டை மவுண்ட் செய்ய இயலவில்லை என்ற வரியின் கடைசியில் 'அன்னோன் பிளாக் (0,0)' என்றிருந்தது. நண்பர்களே, பலரும் படிக்காமல் விடும் அந்த இரண்டு எண்களில்தான் செய்தியே இருக்கிறது. (8,1) என்றிருந்தால், கெர்னல் வட்டின் முதற் பகுதியைக் கண்டுவிட்டது, அதிலுள்ள கோப்பமைப்பைத்தான் படிக்க முடியவில்லை என்று பொருள். (0,0) என்றால் வேர் எந்த வட்டுப் பகுதியில் இருக்கிறது என்பதையே அது கண்டறியவில்லை. அப்படியானால் வட்டு செத்துவிட்டதா? அந்தக் கணிப்பொறியில் இருந்தது ஒரே வட்டு. கெர்னலை 'குரப்' எடுத்து வந்ததும் அதிலிருந்துதானே! செத்த வட்டு கெர்னலைத் தந்திருக்குமா?

இதைச் சொன்ன பிறகே தம்பி நாற்காலியில் அமர்ந்தார்.

உபுண்டு போன்றவற்றில் கெர்னல் தனியே வருவதில்லை. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சிறு மூட்டையும் உடன் வரும். வட்டுக்குரிய டிரைவர்கள் அதில் இருக்கும். யூயூஐடி என்னும் நீண்ட அடையாள எண்ணைக்கொண்டு வேரைக் கண்டுபிடிப்பதும் அதன் வேலை. புதிதாய் வரும் மாணவரை ரயிலடியில் எதிர்கொண்டு அறைவரை கொண்டுவிடும் நம் சங்கத் தோழரைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தோழர் வரவில்லை; கெர்னல் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டது.

எஸ்கேப் விசையை அழுத்திக் குரப் பட்டியலுக்குச் சென்று, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதில் பழைய கெர்னலைத் தேர்ந்தேன். கணிப்பொறி எழுந்தது. வேறெதையும் தொடுமுன் அளவீடுகளை வெளி வட்டில் படியெடுத்தோம். அதற்கே ஒரு மணி நேரமாயிற்று. அதன்பின் 'பூட்' அடைவைப் பார்த்தால் கெர்னல்கள் மூன்று, மூட்டைகள் இரண்டு! தனிப் பகுதியாகிய அந்த பூட் நிரம்பி வழிந்தது. முந்தைய நாள் அப்டேட்டில் வந்த புதுக் கெர்னலுக்கு மூட்டை கட்ட இடமில்லாமற் போயிருக்கிறது.

'யுநேம்' கட்டளையால் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்று உறுதி செய்துகொண்டு, அதனினும் பழையதை 'ஆப்ட்' வழியாக நீக்கினோம். கையால் அழிப்பது கூடாது. ஆப்டின் கணக்குக் குழம்பிவிடும். பிறகு 'அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்', 'அப்டேட் குரப்' இரண்டையும் கொடுக்கவே, புதுக் கெர்னலும் எழுந்தது. பழைய கெர்னலும் எழாதிருந்தால், பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, 'சிஎச்ரூட்' மூலம் உள்ளே நுழைந்து இதையே செய்திருப்போம்.

அந்த பூட் பகுதி இன்னும் சிறியதுதான். மாதந்தோறும் 'ஆட்டோரிமூவ்' கொடுக்கும் பொறுப்பைத் தம்பி ஏற்றிருக்கிறார். வடநாட்டு நண்பரோ (0,0) என்பதைத் தம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த நோயாளிக்காகக் காத்திருக்கிறார்.