தேநீர்க் கடையில் உலக வணிகம்

மாலை வேளையில் தேநீர்க் கடையில் கூடி உலகத்தைத் திருத்துவது எங்களுக்கு 30 ஆண்டுப் பழக்கம். திருப்பூரில் வாழ்வோர்க்கு உலக வணிகம் ஏட்டில் படிக்கும் பாடமன்று. அவர்கள் வீட்டு உலையில் வேகும் அரிசியே அதைச் சார்ந்தது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தொழிற்சங்கத்தில் ஊறிய அன்பர் ஒருவர், சிறு தையல் கூடம் நடத்தும் நண்பர் ஒருவர் என மூவகைக் கருத்தினரும் உண்டு.

1994-இல் மராகேஷ் நகரில் உலக வணிக ஒப்பந்தம் கையெழுத்தானபோதே எங்கள் வாதமும் தொடங்கிவிட்டது. டங்கல் திட்டம் நாட்டை அடகு வைத்துவிடும் என்றார் சங்கத்து அன்பர். மேலைநாடுகள் 1974 முதல் நம் ஆடைகளுக்கு இட்டிருந்த கோட்டா என்னும் வேலி இனி உடையும் என்று மகிழ்ந்தார் தையல் கூட நண்பர். 2005 சனவரி முதல் நாளன்று அவ்வேலி முற்றிலும் நீங்கியது. வாதம் மட்டும் நீங்கவில்லை. ஒருவர் ஏற்றுமதியின் வளர்ச்சியைக் காட்டுவார். மற்றவர் சாயக்கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆற்றைக் காட்டுவார். இருவர் சொல்வதும் மெய்யே. ஆயினும் மற்றவர் மெய்யை ஒப்புக்கொள்ள இருவருக்கும் மனம் வந்ததில்லை.

2025 ஆகஸ்டு மாதம் வாதம் உச்சத்தை எட்டியது. அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள்மீது 7ஆம் நாள் 25 விழுக்காடும், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 27ஆம் நாள் மேலும் 25 விழுக்காடும் வரி விதித்தது. ஆடைகளுக்கு இது பழைய சுங்க வரிக்கு மேற்பட்ட சுமை. வங்காளதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது விதிக்கப்பட்டதோ 20 விழுக்காடுதான்.

மலிவாகக் கிடைக்கும் இடத்தில் எண்ணெய் வாங்குவது நாட்டின் உரிமை என்றார் ஆசிரியர். தடையற்ற வணிகம் பற்றி ஊருக்கு உபதேசித்தவர்களின் உண்மை முகம் இதுவே என்றார் சங்கத்து அன்பர். “வரியைக் கட்டுகிறவர் அமெரிக்க இறக்குமதியாளர். நம் பையில் யார் கை வைத்தார்?” என்று கேட்டார் தையல் கூட நண்பர். சட்டப்படி அவர் கூற்றில் பிழையில்லை. நாங்களும் தலையசைத்தோம்.

பெஞ்சின் ஓரத்தில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். நாள்தோறும் வருவார்; எங்கள் பேச்சைக் கேட்பார்; தேநீர் முடிந்ததும் எழுந்து போவார். அன்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“ஏனுங்கண்ணா, வர்ற வாரம் எத்தனை ஷிப்ட் இருக்கும்னு அந்தப் பேப்பர்ல போட்டிருக்குதுங்களா?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்துத் தையல் கூட நண்பர் மெல்லிய குரலில் பேசினார். வரியில் ஒரு பங்கை விலையில் குறைத்துக்கொள்ளும்படி வெளிநாட்டு வாங்குநர் கேட்டிருக்கிறாராம். சில ஆர்டர்கள் நின்றுவிட்டனவாம். தம் கூடத்திலும் ஒன்றரை ஷிப்டை ஒன்றாகக் குறைத்து இரண்டு வாரம் ஆகிறதாம். ஒன்றரை ஒன்றானால் சனிக்கிழமைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தக் கணக்கைப் போட எந்த நாளிதழும் வேண்டியதில்லை.

நண்பர் இதை எங்களிடம் மறைத்தார் என்று சொல்வது முறையன்று. எங்கள் வாதத்தில் அதைச் சொல்ல இடமிருந்ததில்லை. அவரவர் கட்சிக்கு வலுச் சேர்க்கும் செய்தியை மட்டுமே நாங்கள் கேட்டு வந்தோம். மராகேஷையும் மாஸ்கோவையும் அறிந்திருந்த எங்களுக்கு, எட்டு மாதமாக ஒரே பெஞ்சில் அமர்ந்தவரின் சொந்த ஊர் எதுவென்று தெரியாது.

இதனால் வாதமே வேண்டாம் என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. குடிமக்கள் வாய் மூடிக்கொண்டால், அவர்கள் பிழைப்பைப் பற்றிப் பிறர் பேசி முடித்துவிடுவர். ஆனால் ஒரு கொள்கையை ஆதரித்தாலும் எதிர்த்தாலும், அதன் விலையைச் செலுத்தப்போகிறவர் யார் என்பதை முதலில் கேட்டறியும் கடமை நமக்குண்டு. அவர் பெரும்பாலும் தொலைவில் இருப்பதில்லை.

அடுத்த இரு நாளும் அந்த இளைஞர் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். சங்கத்து அன்பர் நகர்ந்து இடம் கொடுத்தார். அன்று அவர் பெயரையும் ஊரையும் கேட்டறிந்த பின்னரே நாளிதழை விரித்தோம்.