மீனுக்கும் ஒரு சங்கமா?

"பால் சங்கத்துக்குப் போகவே நேரம் இல்ல. இதுல மீனுக்கு வேற ஒரு சங்கமாங்க?" என்று கேட்டார் மனைவி. கேட்டதில் நியாயம் இருந்தது. ஈரோடு பக்கம் இரண்டு ஏக்கர் மஞ்சளும் ஒரு மாடும் வைத்திருப்பவர், மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறி டவுனுக்குப் போய், வண்ணமீன் வளர்ப்பவர்களோடு பேசிவிட்டு வருகிறேன் என்றால் வீட்டில் கேட்கத்தானே செய்வார்கள்?

மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கிய கண்ணாடித் தொட்டிதான் காரணம். தண்ணீர் நிரப்பிய அன்றே எட்டுத் தங்கமீன் விட்டார்கள். பத்தே நாளில் எட்டும் மிதந்தன. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள். அடுத்து வாங்கிய மீன்களும் செத்தன. மகள் தொட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

முதல் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "பச்சைச் சாணியை அப்படியே செடித் தூர்ல கொட்டுவீங்களா?" என்றார். விவசாயிக்கு அதுவே போதுமாக இருந்தது. மீன் கழிவில் அம்மோனியா சேரும். அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். வயல் மண்ணில் தினமும் நடக்கிற வேலைதான். கிளம்பும்போது ஓர் உறுப்பினர் தன் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கவரில் போட்டுக் கொடுத்தார். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். உப்புச்சுவை உள்ள போர் தண்ணீருக்குக் கப்பி, மோலி தாங்கும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அதே தண்ணீரில் மீன் வளர்ப்பவர்கள் சொன்னது அது.

எல்லாம் லாபமே என்றும் சொல்ல முடியாது. இனாமாக வந்த ஒரு ஜோடி மீனோடு வெள்ளைப்புள்ளி நோயும் வந்து, பாதி மீன் போயிற்று. அதன்பின் யார் கொடுத்தாலும் புது மீனுக்கு மூன்று வாரம் தனி டிரம்தான். கடைக்காரர்கள் நிறைந்த குழு என்றால் பேச்சு விலை கூடிய மீன் பக்கமே போகும். சந்தா கட்டுமுன் இரண்டு கூட்டம் சும்மா போய் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

அவர் சந்தாவைத் தொடர்ந்து கட்டக் காரணம் வேறு. பாசி தின்னும் என்று வாங்கிய டேங்க் கிளீனர் ஓர் அடிக்கு வளர்ந்துவிட்டது. ஊர் ஏரியில் விட்டுவிடலாம் என்றுதான் வாளியோடு கிளம்பினார். தென் அமெரிக்க மீன் அது. ஏரியில் பெருகினால் கரையில் வளை தோண்டும், முள்ளால் வலையைக் கிழிக்கும், நாட்டு மீனுக்கு இரை மிஞ்சாது என்று போனில் தடுத்தவர் அந்த ஆசிரியர்தான். மறுநாளே வந்து வாங்கிப் போனார்.

அது இப்போது அவர் வீட்டு சிமென்ட் தொட்டியில் கிடக்கிறது. அதைப் பார்க்கவும், பெருகிவிட்ட கப்பிக் குஞ்சுகளைக் கொடுக்கவும் அடுத்த ஞாயிறு மகளும் பஸ் ஏறுகிறாள்.