மூன்று சக்கரமும் ஒரு பிடி காற்றும்

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்றும் வாய்தவறிச் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில் நம் சிற்றப்பனார் வாழ்கிறார். நெடுங்காலம் தோட்டத்து லாரி ஓட்டியவர். நீரிழிவினால் வலக்காலை இழந்த பின்னர், திண்ணையே கதியென்று கிடக்க மனமொப்பாது, பட்டணத்தில் ஒருவர் விற்ற பழைய மூன்று சக்கர நெடும்பயண மோட்டார் சைக்கிளைச் சேமிப்பெல்லாம் கொட்டி வாங்கினார். பிரேக்கைக் கைக்கு மாற்றியமைத்துக் கொண்டார்.

வண்டி வந்த நாளன்று சுற்றத்தார் நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கினர். சக்கரம் மூன்றே என்பதைக்கூட எண்ணிப் பார்த்தாரில்லை. பின்புறத் தாங்கிகளில் காற்று உண்டா என்று நோக்கியவரோ ஒருவருமிலர்.

மறுவாரம் சிற்றன்னையாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு கோல சிலாங்கூருக்குப் புறப்பட்டார். செம்பனை லாரிகள் உழுதுவிட்ட சாலை. குழிதோறும் வண்டியின் பின்புறம் அடிதட்டிற்று. கம்போங் குவாந்தானை எட்டுமுன்பே அம்மையார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். வண்டிக்கு ராசியில்லை என்பது அவர் தீர்ப்பு. அதன்பின் சிற்றப்பனார் தனியே போய்வந்தார்; மகிழ்ந்து போகவில்லை.

பட்டறைக்காரர் ‘அப்சோர்பர்’ என்னும் அக்குழல்களில் காற்று அடைபட்டிருக்கும். அமுக்க அமுக்க அஃது எதிர்த்து இறுகும். இடம் சுருங்கினால் அழுத்தம் பெருகும் என்று ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட உண்மையே இது. சுமைக்குத் தக்கபடி காற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறைந்தால் அடிதட்டும், மிஞ்சினால் கட்டைவண்டி போல் உதறும். இரு சக்கர வண்டி திருப்பத்தில் உட்புறம் சாய்ந்து கொடுக்கும். இதுவோ வெளிப்புறம் அமிழப் பார்க்கும். ஆதலின் இரு பக்கமும் சமமாயிருத்தல் இன்றியமையாதது.

இவையெல்லாம் இன்று எழுதுகிறோம். அன்று, ‘காற்றுத்தானே!’ என்று எண்ணெய் நிலையத்திற்குக் கொண்டுபோய், டயருக்குக் காற்றடிக்கும் குழாயையே பொருத்தினோம். தாங்கிக்குள் கொள்வது ஒரு பிடி காற்று. கண்மூடித் திறப்பதற்குள் உள்ளிருந்த ரப்பர் வளையம் பிதுங்கி எண்ணெய் வழிந்தது. சிற்றப்பனார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊன்றுகோலுடன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். அதற்கு அவர் ஏசியிருக்கலாம்.

பழுதுக்கு நாமே பணம் கொடுத்தோம். கைப்பம்பு ஒன்றும் வாங்கினோம். கிழிந்த வளையத்தைப் பட்டறைக்காரர் நம் உள்ளங்கையில் வைத்தார். பெல்பாஸ்டு நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், 1888இல் காப்புரிமை பெற்ற காற்று டயரை முதலில் செய்தது, தம் சிறுமகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காதிருக்கவே. ஒரு பிள்ளையின் சுகத்துக்குப் பிறந்த பொருள் மோட்டார்களுக்கும் பரவிற்று. அதற்குப் பால் வேண்டி இந்நாட்டில் காடழித்தனர். நம் பாட்டன்மார் கப்பலேறினர். சிற்றன்னையாரின் இடுப்பு நோவும் பால் வாளி சுமந்து வந்ததே. அவர் வெட்டிய பாலில் உலகம் மெத்தென்று போயிற்று. அவரோ கம்போங் குவாந்தானுக்குப் போக முடியவில்லை!

இப்போது வண்டி குளிர்ந்திருக்கும்போது, தயாரித்தவர் நூலில் கண்ட எல்லைக்குள் கைப்பம்பால் மெல்ல ஏற்றுகிறோம். அளவுமானியைக் கழற்றுகையில் சீறிப்போகும் காற்றையும் கணக்கில் வைக்கிறோம். அவ்வண்டிக்குப் பொருந்திய அளவைச் சிற்றப்பனார் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்: தனியே 10 பவுண்டு, இருவர் 20.

முதல்நாள் சிற்றன்னையார் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் ஏறினார். தஞ்சோங் காராங் வரை போய், வயலோரத்தில் தேநீர் அருந்தித் திரும்பினர். மறுவாரம் சென்றபோது சுவரில் மூன்றாவது வரியொன்று கண்டோம். அம்மையார் கையெழுத்து: ‘தைப்பூசம், பத்துமலை, மூட்டையோடு – எத்தனை?’

கோவில் செலவைப் பற்றி இவ்வேட்டில் நாம் எழுதியதெல்லாம் அவர் அறிவார். ஒன்றும் பேசாமல் கைப்பம்பை எடுத்தோம்.